பட்டறைப் பதில்கள்: பெட்ரோல் டேங்க்கில் துரு

என் ஆர்எக்ஸ் 100 மெயினில் அருமையாக ஓடுகிறது. ரிசர்வில் போட்டால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழுவியாகிவிட்டது. என்னதான் கோளாறு?
*– வாசகர், திருப்பூர்*

கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், அதற்கு மேலே பாருங்கள். பெட்ரோல் டேப்பைக் கழற்றினால் டேங்க்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் ஒன்று தெரியும். மெயினில் இருக்கும்போது பெட்ரோல் அந்தக் குழாயின் தலைவழியாக இறங்குகிறது. ரிசர்வ் துளை அதற்குக் கீழே, ஏறக்குறைய டேங்க்கின் தரையில் இருக்கிறது. துருத்தூளும் தண்ணீரும் பெட்ரோலைவிடக் கனம். இரண்டும் தரையில்தான் கிடக்கும். மெயினில் எஞ்சினுக்குப் போவது மேல்தெளிவு, ரிசர்வில் போவது அடிக்கசடு.

ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலை எடுத்து, ரிசர்வில் வைத்து அரை பாட்டில் பிடியுங்கள். பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தால் துரு. அடியில் தனியாக ஓர் அடுக்கு பிரிந்து கோடு தெரிந்தால் தண்ணீர். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் நான்காவது தடவையும் கார்புரேட்டரைக் கழுவினால் ஐந்தாவது தடவையும் கழுவ வேண்டியிருக்கும்.

பெட்ரோலில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்காது என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னார். பிறகு டேங்க்குக்குள் துரு எப்படி வருகிறது?
*– பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்*

ஆசிரியர் சொன்னது சரி. துருப்பிடிக்க இரும்போடு தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். பெட்ரோலில் மூழ்கிய பகுதி அதனால்தான் பெரும்பாலும் தப்பிக்கிறது. ஆனால் பாதி டேங்க் பெட்ரோல் என்றால் மீதி பாதி காற்று. பகலில் வெயில் பட்டு அந்தக் காற்று விரிந்து மூடியிலுள்ள சிறு துளை வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். டேங்க் தினமும் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உள்ளே போகும் மூச்சில் ஈரமும் சேர்ந்து போகும். அது கூரைத் தகட்டில் வியர்த்துச் சொட்டாகி அடியில் இறங்கும். ஆகவே இரண்டு இடங்களில் துரு அதிகம்: பெட்ரோல் எட்டாத கூரை, தண்ணீர் தேங்கும் தரை. அப்பாவின் வண்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள், பாடம் கண்ணெதிரே தெரியும். டார்ச்தான், தீக்குச்சி அல்ல.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்த எத்தனால் பெட்ரோல்தானே?
*– புல்லட் வாசகர், மதுரை*

பாதிப் பழி சரி. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் இலக்கை அரசு 2025-க்கு முன்னால் கொண்டுவந்தது, இன்று பங்க்குகளில் கிடைப்பதும் அதுதான். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஓரளவு வரைக்கும் அது நல்லதே, கொஞ்சம் ஈரம் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் உட்காரும். துருவுக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. பழைய வண்டியின் பெட்ரோல் ஓஸ், டேப் வாஷர், கார்புரேட்டர் கேஸ்கெட் இவற்றின் ரப்பரும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதில்லை. உப்பிப் போகும், பிசுபிசுக்கும்.

ஆனால் தினம் ஓடும் வண்டியில் பெட்ரோல் வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, பிரிவதற்கு நேரமே இல்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிதான் மாட்டிக்கொள்கிறது. நிறுத்தி வைத்ததுதான் முதல் குற்றவாளி, எத்தனால் அதற்கு உடந்தை.

கோலா ஊற்றி வைத்தால் துரு போகுமாமே?
*– கல்லூரி மாணவர், சேலம்*

அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் போகும். சர்க்கரையும் இருக்கிறது, அதை யார் கழுவுவது?

புளி?
*– வாசகி, கும்பகோணம்*

குத்துவிளக்குக்குப் புளி, டேங்க்குக்கு வேண்டாம். அமிலம் வேலை செய்யும். ஆனால் சக்கை போய் மடிப்பில் ஒட்டிக்கொண்டால் எடுக்கக் கையும் நுழையாது, பிரஷ்ஷும் நுழையாது.

டேங்க்குக்குள் காந்தம் போட்டால் துரு அதில் ஒட்டிக்கொள்ளுமா?
*– வாசகர், ஈரோடு*

கருப்புச் செதில் ஒட்டும். நம்மைப் பாடாய்ப் படுத்தும் சிவப்புத் தூள் அவ்வளவாக ஒட்டாது. காந்தத்தை நம்பி இருக்க முடியாது.

செலவில்லாமல், வீட்டிலேயே, டேங்க் பெயிண்ட்டும் கெடாமல் துரு எடுக்க ஒரு வழி சொல்லுங்கள். நிதானமாகச் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன்.
*– யெஸ்டி பைக் வாசகர், தஞ்சாவூர்*

எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம்தான் அது. நல்ல இரும்பை அவசரமாகத் தின்னாது, விலையும் குறைவு. நான் முதலில் கைவைப்பது அதில்தான்.

டேங்க்கைக் கழற்றி பெட்ரோலை முழுவதும் வடியுங்கள். வடிக்கும்போது டேங்க்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நடுவே ஃப்ரேம் போவதால் டேங்க்கின் அடி இரண்டு பள்ளமாக இருக்கும், டேப் இல்லாத பக்கத்துப் பள்ளத்தில் வருடக்கணக்கான தண்ணீர் அப்படியே நிற்கும். டேப்பையும், பெட்ரோல் கேஜ் மிதவை இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். டேப் துளையை ரப்பர் துண்டும் தகடும் வைத்து அடையுங்கள். டேப்பையே அடைப்பாக விட்டால் அமிலம் அதன் உலோகத்தையும் அரிக்கும்.

பலரும் தாண்டிப் போகும் படி அடுத்தது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டு டேங்க்கை நன்றாகக் குலுக்கிக் கழுவுங்கள், இரண்டு முறை. பழைய பெட்ரோலின் பிசின் துருவின் மேல் படலமாக இருக்கும். அது போகாமல் அமிலம் துருவைத் தொடாது. “எலுமிச்சை உப்பு எனக்கு வேலை செய்யவில்லை” என்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

பிறகு லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், துரு முற்றியிருந்தால் 100 கிராம் வரை, எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து டேங்க் வழிய ஊற்றுங்கள். பாதி ஊற்றினால் கூரைத் துரு அப்படியே இருக்கும். வாய் ஓரத்துப் பெயிண்ட்டிலும் குரோமிலும் வாசலின் தடவிவிடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். ஓர் இரவு விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தகடு தெரிந்தால் முடிந்தது. இல்லையென்றால் புதுக்கரைசலோடு இன்னோர் இரவு.

வடித்துத் தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை விட்டுக் குலுக்குங்கள். நுரைக்கும், அப்போதும் மூடியைப் போட வேண்டாம். மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இனிமேல்தான் முக்கியம். அமிலத்தில் குளித்து வந்த இரும்புக்கு மேலே எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஈரத்தோடு விட்டால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உட்புறம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். ஆகவே உலர்த்துவதற்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடைசி அலசலைத் தொடங்க வேண்டும். தண்ணீரைச் சொட்டச் சொட்ட வடித்து, முடி உலர்த்தும் டிரையரின் சூட்டுக் காற்றை டேப் துளையில் காட்டுங்கள், வாய் வழியே ஈரம் வெளியேறும். சோப்புத் தண்ணீர் விட்டு, ஓர் இரவு கரைசலிலும் கிடந்த டேங்க்கில்தான் டிரையர். பெட்ரோல் வாடை கொஞ்சம் இருந்தாலும் அதை அருகில் கொண்டுவராதீர்கள், வெயில் போதும். பஞ்சர் கடைக் காற்றை அடிப்பதானால் முதலில் தரையில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள், கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீர் அதோடு சேர்ந்து வரும். உலர்ந்து டேங்க் ஆறியதும் 200 மில்லி 2டி ஆயிலை அரை லிட்டர் பெட்ரோலில் கலந்து ஊற்றி, டேங்க்கை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, கூரை உட்பட நனையும்படி ஆட்டி வடித்துவிடுங்கள்.

துரு எடுப்பது பாதி வேலைதான். எடுத்த கையோடு உலர்த்தி எண்ணெய் காட்டுவதுதான் மீதி பாதி. இதில் சோம்பினால் முதல் பாதியும் வீண்.

ஒரு இரவெல்லாம் எதற்கு? பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பளபள என்று ஆகிவிடும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக்.
*– வாசகர், விழுப்புரம்*

ஆகும். துருவைத் தின்ற கையோடு தகட்டையும் தின்னத் தொடங்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஏற்கெனவே துரு அரித்து மெலிந்த இடத்தில் துளை விழும், மடிப்பில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். பழைய யெஸ்டி, புல்லட் டேங்க்குகளின் பக்கவாட்டில் அழகாக இருக்கும் குரோம் மேல் ஒரு சொட்டு சிந்தினால் அந்த இடம் போச்சு. எவ்வளவு அலசினாலும் மடிப்புகளில் கொஞ்சம் குளோரைடு தங்கிவிடும், அடுத்த ஈரத்தில் அதுவே புதுத்துருவைக் கிளப்பும். கிளம்பும் வாயுவில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆசிட் புகை நெஞ்சைப் பிடிக்கும். வேண்டாம். மெக்கானிக்கிடம் சண்டை போடாதீர்கள், டேங்க்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கிறார்களாமே, நிஜமா?
*– எலக்ட்ரீஷியன், ஓசூர்*

நிஜம். உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வழியும்கூட. பெட்ரோல் வாடை சுத்தமாகப் போன டேங்க்கில் சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்புங்கள், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் டேங்க்கில். பிளஸ் ஒரு சாதா இரும்புக் கம்பியில். கம்பி டேங்க்கை எங்கும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்க வேண்டும். துரு இளகும், கம்பி கரையும், நல்ல தகடு அப்படியே இருக்கும். அமிலத்தைவிட இதன் மேன்மை அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து கிளம்பும், திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், சார்ஜரை அணைக்காமல் கிளிப்பில் கை வைக்காதீர்கள். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் துண்டைப் போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கரைந்து வரும். கம்பிக்கு நேரே உள்ள இடம்தான் நன்றாகச் சுத்தமாகும், ஆகவே கம்பியை வளைத்து அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

நட்டு, போல்ட்டு, ஜல்லி போட்டுக் குலுக்குவது பழைய முறை. நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?
*– ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், விருதுநகர்*

செதில் செதிலாகக் கட்டிய துருவுக்கு இன்றும் அதுதான் முதல் வேலை. அமிலம் ஊற்றுமுன் செய்யலாம். ஜல்லி மட்டும் வேண்டாம், உடைந்து மணலாகும். நட்டு என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும், ஒன்று குறைந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதில் போகும். அதைவிட ஒரு முழம் சங்கிலி நல்லது. ஒரு முனையில் கம்பியைக் கட்டி வெளியே விட்டுக்கொண்டால் மொத்தமாக வெளியே வந்துவிடும். டேங்க்கைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு குலுக்குங்கள்.

டேங்க் அடியில் ஊசித்துளை. சோப்புத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலி டேங்க்தானே, பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைத்துவிடலாமா?
*– வாசகர், நாமக்கல்*

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது காலி டேங்க். எரிவது பெட்ரோலின் ஆவி. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். நேற்று வடித்துவிட்டுக் காயவைத்த டேங்க்கில் அந்த அளவு எளிதாக இருக்கும். காற்றைவிடக் கனமான ஆவி என்பதால் வாயைத் திறந்து வைத்தாலும் அடியிலேயே கிடக்கும். கழுவினாலும் துருவின் நுண்துளைகளிலும் தகட்டு மடிப்பிலும் ஒளிந்திருந்து, சூடு பட்டதும் வெளியே வரும். பட்டறைகளில் டேங்க் வெடித்துக் கை, முகம், உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் “காலிதானே” என்றுதான் பற்றவைத்தார்கள்.

டேங்க் வேலை மட்டுமே செய்யும் கைகாரர் இருப்பார், அவரிடம் போங்கள். சோப்பும் வெந்நீரும் விட்டுப் பலமுறை கழுவி, துளை மேலே வரும்படி டேங்க்கைத் திருப்பி, துளைக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, ஆவிக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டுத்தான் அவர் பித்தளையோ ஈயமோ வைப்பார். தண்ணீர் நிரப்பாமல் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கும் பட்டறையிலிருந்து டேங்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அதுவரை சோப்பு பரவாயில்லை, பெட்ரோலில் சோப்பு கரையாது. எபாக்ஸிப் பசை வைப்பதானால் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் வையுங்கள். ஊர் போய்ச் சேர அது உதவும், நிரந்தர வைத்தியம் ஆகாது. ஒழுகும் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.

உள்ளே எபாக்ஸி கோட்டிங் ஊற்றிவிட்டால் பிரச்சினையே இருக்காது என்கிறார்களே?
*– வாசகர், திருச்சி*

துளைகள் பலவாக இருந்து, வேறு வழியில்லை என்றால் மட்டும். துருவின் மேலோ ஈரத்தின் மேலோ ஊற்றிய கோட்டிங் ஒருநாள் உரியும். உரிந்த தோல் டேப்பை அடைக்கும், அதை எடுப்பது துரு எடுப்பதைவிடப் பெரும்பாடு. எத்தனாலைத் தாங்காத கோட்டிங்குகளும் உண்டு, டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள். தகடு முழுசாக இருக்கும் டேங்க்குக்கு எண்ணெயும் ஓட்டமும் போதும்.

அப்பாவின் ராஜ்தூத் பதினைந்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. டேங்க்கைத் திறந்தேன். நினைத்த அளவு துரு இல்லை. எப்படி? துரு எடுப்பதா, புது டேங்க் வாங்குவதா?
*– வாசகி, கோவில்பட்டி*

அப்பாவுக்கும் பெட்ரோல் பங்க்காரருக்கும் நன்றி சொல்லுங்கள். அந்த வண்டிக்கு 2டி ஆயிலைப் பெட்ரோலோடு அளந்து கலந்துதான் ஊற்றுவார்கள். நின்ற காலத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் ஆயில் போகாமல் தகட்டின் மேல் படலமாக நின்றிருக்கிறது. அப்பா கடைசியாக ஊற்றிய பெட்ரோல்தான் இத்தனை வருடம் டேங்க்கைக் காத்திருக்கிறது.

புதிது வேண்டாம். சந்தையில் கிடைக்கும் பல டூப்ளிகேட் டேங்க்குகளில் மூடி சரியாக உட்காராது, அடி ரப்பர் பொருந்தாது. தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஆர்எக்ஸ் 100-உம் மைசூரில் செய்த பழைய யெஸ்டியும் ஒரே வருடம், 1996-இல் நின்றுபோயின. ராஜ்தூத்தும் இன்று வருவதில்லை. நல்ல நிலையிலுள்ள அசல் டேங்க் குறைந்துகொண்டே வருகிறது. பிசின் நிறைய இருக்கும், ஆகவே சோப்பு வெந்நீரை நாலைந்து முறை விடுங்கள். அந்தப் பழைய கசடைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல் மெக்கானிக்கின் கழிவு ஆயில் டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.

துபாயில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊரில். புல்லட்டை டேங்க் நிரப்பி விட்டுப் போவதா, காலியாக விடுவதா?
*– வாசகர், ராமநாதபுரம்*

ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றால் நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வைக்கும் இடமில்லை. பதினொரு மாதத்துக்கு அது ஆகாது. எத்தனால் பெட்ரோல் அத்தனை காலம் நின்றால் பிசினாகும், ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளும். முழுவதும் வடித்து, உலர்த்தி, மேலே சொன்னபடி ஆயில் காட்டிவிட்டுப் போங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடியுங்கள். கடலோர மாவட்டம், மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள், செலவு கொஞ்சம்தான். வடிக்காமல் தம்பியிடம் விட்டுப் போவதானால், வாரம் ஒருமுறை அவரை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லாதீர்கள், சைலன்சருக்குள் தண்ணீர் சேருவதுதான் மிச்சம். ஓட்டினால் பத்து கிலோமீட்டர் ஓட்டட்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி மூழ்கியது. அப்படியே ஓரமாக நிறுத்தியதுதான். இப்போது ஸ்டார்ட் செய்யலாமா?
*– வாசகர், வேளச்சேரி, சென்னை*

கிக்கரில் கால் வைக்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். டேங்க், கார்புரேட்டர், எஞ்சின் ஆயில் மூன்றையும் திறந்து வடிக்கச் சொல்லுங்கள். டேங்க்கில் சேறும் இருக்கும், சங்கிலி, சோப்பு, எலுமிச்சை உப்பு என்ற வரிசையில் போங்கள். வடித்ததும் வெளிப்புற அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் சத்தமில்லாமல் மொத்தும். மொத்தும் இடம் அகலமாக இருந்தால் அந்த டேங்க்கைக் கைவிடலாம். அடுத்த முறை தண்ணீர் ஏறினால் வடிந்த அன்றே டேங்க்கையும் வடித்துவிடுங்கள், வேலை பத்தில் ஒன்றாகும்.

ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் நிற்கிறது. மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது. துரு அடைப்பா?
*– வாசகர், பொள்ளாச்சி*

மூடியிலுள்ள காற்றுத்துளை அடைந்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்கக் காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் இறங்குவது நின்றுவிடும். ஒரு குண்டூசி போதும், டேங்க்கைக் கழற்றாதீர்கள்.

எல்லாம் செய்து முடித்துவிட்டேன். வழியில் ஒரு பில்டர் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?
*– வாசகர், தூத்துக்குடி*

போடுங்கள், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பில்டராக. பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோல் இது. ஆகவே அடர்த்தியான காகித பில்டரைவிட வலை பில்டர் ஏற்றது, ஓஸும் எங்கும் மேல்நோக்கி வளையக் கூடாது. மடிப்புகளில் ஒட்டியிருந்த தூள் முதல் சில நாள் ஓட்டத்தில் இறங்கி வரும். அதனால் முதல் டேங்க் தீரும் முன்பே டேப்பின் அடிக்கிண்ணத்தையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் ஒருமுறை திறந்து துடையுங்கள். பில்டர் பழுப்பானால் அதை மாற்றிவிட்டு, கண்ணாடி பாட்டில் சோதனையை ரிசர்வில் வைத்துச் செய்யுங்கள். தூள் இல்லை என்றால் சோதனையை அடுத்த மழைக்காலம் முடிந்ததும் செய்தால் போதும்.